ஒன்றாம் நம்பர் பட்டன்

ஒரு ஊரில் ஒரு மேசை இருந்ததாம். அந்த மேசைக்கு இரண்டு மருமகள்களாம், ஒருத்தி மூத்தவளாம், ஒருத்தி இளையவளாம். இப்படி ஆரம்பித்தாலே போதும், கேட்கிறவர்கள் மூத்தவளைக் கொடுமைக்காரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். இளையவள் அழுதுகொண்டே இருப்பாளாம், கடைசியில் சாமி வந்து அவள் பக்கம் நிற்குமாம். எதிர்வீட்டு ஜெயக்கொடி உங்களிடம் இப்படித்தான் சொல்லியிருப்பாள். தெருவில் நீங்கள் அவளிடம் வழி கேட்டதை ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதிர்வீட்டைக் காட்ட அவ்வளவு நேரமா ஆகும்?

அந்த மூத்தவள் நான்தான். மங்கையர்க்கரசி, அரசி என்று கூப்பிடுவார்கள். உட்காருங்க. மாடிச் சாவியை அப்புறம் எடுக்கிறேன், மாடி எங்கேயும் ஓடிப்போகாது. பையில் என்ன, லேப்டாப்பா? வீட்டிலிருந்தே வேலையா? அப்படியென்றால் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். மாடியில் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று நாளைக்கு யாராவது உங்களிடம் சொல்வார்கள். அதை என் வாயாலேயே கேட்டுவிடுங்கள்.

அதோ, கூடத்து மூலையில் இருக்கிறதே, அந்த மேசைதான். மேலே இருக்கிற கம்ப்யூட்டர் என்னுடையது. எங்கள் வீட்டுக்காரருக்கு பெட்ஷீட், துண்டு வியாபாரம். கரூரில் தடுக்கி விழுந்தால் அந்த வியாபாரத்தில்தான் விழ வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் பில் போடுகிறது நான்தான். மதுரை, ஈரோடு, நாகர்கோவில், எந்தக் கடைக்காரருக்குச் சரக்குப் போனாலும் என் கை படாமல் பில் போகாது. இந்த வீட்டில் எனக்கென்று ஒரு இடம் உண்டென்றால் அது அந்த நாற்காலிதான்.

அப்புறம் தாரணி வந்தாள். என் கொழுந்தனார் தயாளனைக் கட்டிக்கொண்டு நாமக்கல்லிலிருந்து வந்தாள். மாடியை அவர்களுக்குக் கொடுத்தோம், சாப்பாடு எல்லாம் கீழேதான். அவளுக்கு பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். ஆறு மாதம் ட்ரையல், பிடித்திருந்தால் நிரந்தரம். அதைச் சொல்லும்போதே அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ கலெக்டர் உத்தியோகம் மாதிரி. நெட் பெட்டியும் யு.பி.எஸ்ஸும் கூடத்தில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் மாடியில் எதுவும் வேலை செய்யாது. அதனால் என் மேசையிலேயே ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தேன். இதையெல்லாம் ஜெயக்கொடி சொன்னாளா? சொல்லமாட்டாள்.

ஒரு நாள் காபி கொண்டுவந்து வைத்தேன். எனக்குத்தான். என் பக்கம் பில் தாள் பரப்பியிருந்தது, அதனால் அவள் பக்கம் வைத்தேன். சுவரில் காலண்டரைப் பார்க்க எட்டினேன், டம்ளர் சாய்ந்துவிட்டது. டம்ளர் சாய்ந்தால் அதற்கு நான் என்ன செய்வது? காபி நேராக அவளுடைய லேப்டாப்புக்குள் இறங்கிவிட்டது. அவள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, துப்பட்டாவால் துடைத்து, அரிசிக்குள் கூட வைத்துப் பார்த்தாள். என் அரிசி. திரை வந்தது. ஆனால் பாதி எழுத்து அடிக்கவில்லை, விரலால் தேய்க்கிற இடமும் செத்துவிட்டது.

"அக்கா, இது ஆபீஸ் லேப்டாப்க்கா" என்றாள்.

"ஆபீஸ் லேப்டாப்னா பத்திரமா வெச்சிக்கணும். காபி வர்ற வழியில வெப்பாங்களா?" என்றேன்.

ஆபீஸில் சொல்லி வேறு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டால், ட்ரையல் முடிகிறவரை சொல்லமாட்டாளாம், கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்களாம். அவர்கள் எழுதினால் தப்பில்லையே, கவனக்குறைவுதானே அது.

மறுநாளே ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். என் கீபோர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கீபோர்டு. எங்கள் வீட்டில் ஒரே அடுப்புதான். மாமியார் சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டில் ரெண்டு அடுப்பு எரியக்கூடாது அரசி என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இன்றைக்குத் தனிக் கீபோர்டு வைப்பாள், நாளைக்குத் தனி மேசை, நாளை மறுநாள் தனிக் குக்கர். எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "அரசி, அது கீபோர்டு. அடுப்பு இல்ல."

"பார்க்கிறவங்களுக்கு அது தெரியுமா? ஒரே மேசையில அக்காவும் தங்கச்சியும் தனித்தனியா வெச்சுத் தட்டுறாங்கன்னுதானே பேசுவாங்க" என்றேன்.

"யாரு வந்து பார்க்கப் போறா?"

"ஜெயக்கொடி."

அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அந்தக் கீபோர்டையும் மவுஸையும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றாராம். வீணாகப் போகக்கூடாது என்று என் தம்பியிடம் கொடுத்தேன். அவன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், அவனுக்கு உபயோகம். தாரணியிடம் கேட்டுத்தான் கொடுத்தேன். கேட்டேன் என்றால், கொடுத்துவிட்டுச் சொன்னேன். அவள் சரி என்றுதானே சொன்னாள்.

அப்புறம்தான் தயாளன் ஆன்லைனில் அந்தப் பெட்டியை வரவழைத்தான். சோப்பு டப்பா அளவுக்குக் கறுப்பாக ஒரு பெட்டி, அதில் இரண்டு பட்டன். என் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், மூன்றின் ஒயரும் அந்தப் பெட்டிக்குள் போகும். பெட்டியிலிருந்து ஒரு பக்கம் என் கம்ப்யூட்டருக்கு, இன்னொரு பக்கம் அவள் லேப்டாப்புக்கு. தாரணி எனக்கு விளக்கினாள். "எல்லாம் உங்களோடதுதான்க்கா. இந்தப் பட்டனை அமுக்கினா நீங்க வேலை பார்க்கலாம். இதை அமுக்கினா நான் பார்க்கலாம். எதையும் பிடுங்கி மாட்ட வேண்டாம்."

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒரே அடுப்பு, இரண்டு பேர் சமையல். நான் என்ன புரியாதவளா? ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் பட்டனில் நம்பர் போட்டிருக்கிறது. ஒன்று, இரண்டு. ஒன்று அவளுடைய லேப்டாப். இரண்டு நான்.

"இது யாரு வெச்ச நம்பர்?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்காரன் போட்டதுக்கா. எதை எதுல சொருகினாலும் வேலை செய்யும்."

"அப்போ மாத்திச் சொருகு."

"இதுல மூத்தது இளையது எல்லாம் இல்லக்கா."

"நம்பர் இருந்தா எல்லாம் இருக்கு."

தயாளன் மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் மாற்றிவிட்டு, தலையில் ஒட்டடையோடு எழுந்து வந்தான். அன்றிலிருந்து ஒன்றாம் நம்பர் நான். அந்தப் பட்டனுக்கு மேலே பச்சை விளக்கு எரியும்போது ஒரு நிம்மதி வரும் பாருங்க, அதை எப்படிச் சொல்வது. உங்களுக்கு மாமியார் வீட்டில் ஓரகத்தி உண்டா? இல்லையா? அப்போ புரியாது.

காலை நேரம் அவளுக்கு, மத்தியானத்துக்கு மேல் எனக்கு என்று பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டது வாஸ்தவம். ஆனால் சரக்கு லாரி நேரம் பார்த்தா கிளம்புகிறது? கோடவுனிலிருந்து போன் வந்தால் நான் ஒன்றை அழுத்துவேன். போன் வராவிட்டாலும் சில நாள் அந்தப் பக்கம் போகும்போது அழுத்திவிட்டுப் போவேன், என் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறதே, ஒரு பார்வை பார்க்க வேண்டாமா என்று. அழுத்தினால் என்ன, அவள் திரும்ப இரண்டை அழுத்திக்கொள்ளட்டும். நான் அவள் கையையா கட்டிவைத்தேன்?

அவளுக்குப் பேசவும் தெரியாது. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, அன்றைக்கே முடிந்திருக்கும். நான் அழுத்தியதும் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். நான் எழுந்திருக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருப்பாள். அது எவ்வளவு பெரிய திமிர் தெரியுமா? ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் காத்துக்கொண்டிருந்தால் எப்படி பில் போடுவது? வேண்டுமென்றே மெதுவாகத்தான் போடத் தோன்றும்.

ஒரு தடவை என்ன ஆயிற்று, அவள் ஏதோ மீட்டிங்கில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றை அழுத்தினேன். அவள் மானிட்டரைப் பார்க்காமல் லேப்டாப் திரையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறாள். அடித்ததெல்லாம் என் பில்லில் போய் விழுந்துவிட்டது. நான் கவனிக்காமல் பிரிண்ட் எடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மதுரைக் கடைக்காரர் கூப்பிட்டார். "அம்மா, துண்டு வந்திருச்சு, போர்வை வந்திருச்சு. மூணாவதா 'சாரி டீம், ஃபைவ் மினிட்ஸ்'னு ஒரு ஐட்டம் போட்டிருக்கீங்க. அது என்ன சைஸ்ல வரும்?"

எங்கள் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சிரித்தார். தயாளன் சிரித்தான். தாரணிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். என் பில்லைப் பார்த்து இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதற்கு அப்புறம் இன்னொன்று கண்டுபிடித்தேன். நான் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் எட்டிவந்து, "ஒரே நிமிஷம்க்கா" என்று கீபோர்டில் மேல் வரிசையில் ஏதோ ஒரு கீயை இரண்டு தட்டுத் தட்டுவாள். பட்டனைத் தொடவே இல்லை, மானிட்டரில் அவள் லேப்டாப் வந்துவிடும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெட்டியில் அப்படி ஒரு வசதி இருக்கிறதாம். இருக்கட்டும், எனக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னேன்க்கா, முதல் நாளே சொன்னேன் என்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. எந்தக் கீ என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அவள் குளிக்கப்போன நேரம் தோசைத் திருப்பியின் நுனியால் நெம்பி அந்தக் கீயை எடுத்துவிட்டேன். எனக்குத் தேவைப்படாத கீ அது. என் கீபோர்டு. அவள் வந்து அந்தப் பொட்டல் இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுத்தக்காரி.

காபி குடிக்கிறீங்களா? வேண்டாமா? சரி, பையை ஏன் மடியிலேயே வைத்திருக்கிறீங்க, மேசையில் வைக்கலாமே. நான் ஒன்றும் செய்துவிட மாட்டேன்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். ஊர் முழுக்கப் பேசுகிறது அந்த ஒரு நாளைத்தான்.

உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் வீட்டில் பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை மறுபூஜை செய்கிறவரை தொடமாட்டோம். கத்தரிக்கோல், தையல் மெஷின், கால்குலேட்டர், கம்ப்யூட்டர், எதுவாக இருந்தாலும் சரி. சாமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குகிறோம் என்று கணக்கு. நடுவில் பிடுங்கினால் தொழில் படுத்துவிடும்.

பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் தாரணி அடுப்படிக்கு வந்தாள். "அக்கா, ஆயுத பூஜை அன்னைக்கு ரெண்டு மணிக்கு எனக்குக் கடைசி மீட்டிங். ஆறு மாசமா செஞ்ச வேலையை வெளிநாட்டுக்காரங்களுக்கு நானே காட்டி விளக்கணும். அது பிடிச்சாத்தான் வேலை நிரந்தரம். அவங்களுக்கு நம்ம பூஜை லீவு கிடையாது. வழக்கம்போல சாயங்காலமே பூஜை வெச்சுக்கலாம்க்கா? கீபோர்டும் மவுஸும் இல்லேன்னா லேப்டாப்பைத் திறக்கக்கூட முடியாது."

"பார்க்கலாம்" என்றேன்.

பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தமா? நீங்களே சொல்லுங்க. அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். அது அவள் தப்பு.

வழக்கமாகச் சாயங்காலம்தான். முதலில் கோடவுன், அப்புறம் வீடு. அது வாஸ்தவம். ஆனால் அன்றைக்கு விடிந்ததும் காலண்டரைப் பார்த்தேன், காலையில் அருமையான நல்ல நேரம் போட்டிருக்கிறது. சாமி காரியத்தில் நல்ல நேரம் பார்க்கக் கூடாதா? தயாளன் வெளியே போயிருந்தான். அவள் மாடியில் கண்ணாடியைப் பார்த்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள், மீட்டிங்குக்குப் பாடம் படிக்கிறாளாம், கீழே வரைக்கும் கேட்கிறது. நான் தொந்தரவு செய்யவில்லை. மேசையைத் துடைத்தேன். ஒயரையெல்லாம் கழற்றிச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன். கம்ப்யூட்டர் பெட்டி கனம், அதற்கு இருந்த இடத்திலேயே பட்டை போட்டேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், அந்த ஸ்விட்ச் பெட்டி, எல்லாவற்றையும் பூஜை அலமாரிக்குக் கொண்டுபோனேன். மானிட்டருக்குச் சாமந்தி மாலை. கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. மவுஸைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கண்ணு மாதிரி ஒரு சின்னக் குழி, தினமும் சிவப்பாக எரியுமே, அது. முகம் அங்கேதானே இருக்கிறது? அந்தக் குழி நிறைய சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் அவள் இறங்கி வந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். காலி மேசையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, ரெண்டு மணிக்கு மீட்டிங்க்கா."

"தெரியும். சாமி கும்பிட்டுக்கோ."

"கீபோர்டையும் மவுஸையும் மட்டும் குடுங்க. முடிச்சிட்டு நானே திரும்பக் கொண்டாந்து வெச்சிடறேன்."

"பூஜையில வெச்சதை எடுத்தா தொழில் போயிடும் தாரணி."

"எடுக்கலேன்னா என் தொழில் போயிடும்க்கா."

எங்கள் வீட்டுக்காரர் பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நின்றார். "குடுத்திடு அரசி. சாமி ஒண்ணும் நெனச்சுக்காது" என்றார்.

"சாமி நெனச்சுக்காதுன்னு உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?" என்றேன். அவர் பொரியைத் தட்டில் கொட்டினார். இவரை நம்பி ஒரு காரியம் ஆகாது.

அவள் தயாளனுக்குப் போன் போட்டாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினான். ஆயுத பூஜை அன்றைக்குக் கரூரில் கீபோர்டு கிடைக்குமா? கம்ப்யூட்டர் கடைக்காரர் வாழைக்கன்று கட்டி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாராம். "தம்பி, கல்லாவையே சாமிகிட்ட வெச்சாச்சு. நாளைக்கு வாங்க, மொத வியாபாரம் உங்களுக்குத்தான்" என்றாராம். தெரிந்த வீடு, தெரியாத வீடு எல்லாம் போயிருக்கிறான். எல்லா வீட்டிலும் கீபோர்டு குங்குமம் வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பாதி வீட்டில் கையில் சுண்டல் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். இவள் பங்குக்கு இந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். புதுப் புடவையோடு, வெயிலில். எனக்குத்தான் மானம் போயிற்று. ஜெயக்கொடி வீட்டில் ஒரு கீபோர்டு இருந்திருந்தால் பூஜையிலிருந்தே எடுத்துக் கொடுத்திருப்பாளாம், இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் வீட்டில் கீபோர்டே கிடையாது. இல்லாததை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள்.

தயாளன் என் தம்பி கடைக்கும் போயிருக்கிறான். தம்பி எனக்குப் போன் செய்தான். "அக்கா, அந்தப் பொண்ணு வாங்குன கீபோர்டுதானே இது. அதுக்கே குடுத்திரட்டுமா?" என்று கேட்டான். பூஜை போட்டாயிற்றா என்றேன். போட்டாயிற்று என்றான். அப்போ தொடாதே என்றேன். அவன் பிழைப்பையும் நான்தானே பார்க்க வேண்டும்?

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. நேராகப் பூஜை அலமாரிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினாள். அப்புறம் கீபோர்டையும் மவுஸையும் எடுத்தாள். நான் தடுக்கவில்லை. கவனியுங்க, நான் கையைப் பிடிக்கவில்லை, குறுக்கே நிற்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. இதை எதிர்வீட்டில் சொல்லமாட்டார்கள்.

மேசையில் உட்கார்ந்து ஒயரை லேப்டாப்பிலேயே நேராகச் சொருகினாள். ஒரு கீயை அழுத்தினால் அது உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது, சந்தனம் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு எழுத்துக்குப் பத்து எழுத்து விழுகிறது. இன்னொரு கீ விழவே இல்லை. புடவைத் தலைப்பால் துடைக்கிறாள், தலைப்பெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக. மவுஸைத் தேய்க்கிறாள், அம்பு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஹேர்பின்னை எடுத்து அந்தக் குழியைக் குடைகிறாள். அதற்குள் பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்துவிட்டாள் போலிருக்கிறது, லேப்டாப் பூட்டிக்கொண்டது. ஆபீஸில் சொன்னால்தான் திறப்பார்களாம். ஆபீஸுக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை. பெங்களூரிலும் ஆயுத பூஜைதானே, அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற பையன்கள் எல்லாரும் லீவு.

அப்புறம் மொபைலில் மேனேஜரிடம் பேசினாள். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் சார், லேப்டாப் திறக்க மாட்டேங்குது சார்" என்று. காட்ட வேண்டியதெல்லாம் லேப்டாப்புக்குள் இருக்கிறது. வாயால் என்னவோ சொல்லிப் பார்த்தாள். நான் ஒரு தட்டில் சுண்டல் வைத்து அவள் பக்கத்தில் வைத்தேன், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று. அவ்வளவு நடந்தும் எனக்கு அந்த எண்ணம் வந்தது, பார்த்துக்கொள்ளுங்கள்.

போனை வைத்துவிட்டுக் பூட்டின லேப்டாப்பை மூடினாள். அப்புறம் கேட்டாள். "அக்கா, காலையில என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வைக்க விட்டிருப்பியா?" என்றேன்.

நான் சரியாகத்தானே கேட்டேன்? அதற்கு எங்கள் வீட்டுக்காரர் என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று இன்றுவரை புரியவில்லை. தாரணி எழுந்தாள். கீபோர்டையும் மவுஸையும் எடுத்துக்கொண்டுபோய் பூஜை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தாள், கொஞ்சம்கூடக் கோணல் இல்லாமல். மாடிக்குப் போய்விட்டாள். சுண்டல் அப்படியே இருந்தது.

வேலை நிரந்தரம் ஆகவில்லை. லேப்டாப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள், அதை அனுப்பின பிறகு காபி கொட்டினதற்கு வேறு ஏதோ பணம் கேட்டார்களாம். அடுத்த மாதமே தயாளன் இதே கரூரில் காந்திகிராமத்தில் தனி வீடு பார்த்துவிட்டான். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு அண்ணனிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். இவள் என்னிடம் வந்து, "வர்றேன்க்கா" என்றாள், வேற்று ஆளிடம் சொல்கிற மாதிரி. ஒரு கீபோர்டுக்காகக் குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு போனவள் அவள். பெயர் மட்டும் எனக்கு.

இவரும் மாறிவிட்டார். கோடவுனுக்கு ஒரு லேப்டாப் வாங்கி வைத்துக்கொண்டார். பில்லை அங்கேயே போட்டுவிடுகிறார். "உனக்கு எதுக்கு அரசி சிரமம்" என்கிறார். சாப்பாட்டையும் கேரியரில் வரவழைத்துக்கொள்கிறார். இப்போது மேசை முழுக்க எனக்குத்தான். தினமும் துடைத்து வைக்கிறேன். ஒன்றை அழுத்துகிறேன், பச்சை விளக்கு எரிகிறது, உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். மாடியில் நெட் சரியாக வராது. நீங்கள் கீழேயே வந்து உட்காரலாம். அந்த இரண்டாவது பட்டன் சும்மாதானே கிடக்கிறது? பெரிய மானிட்டர், கண்ணுக்கு நல்லது. கீபோர்டைத் தம்பி கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன், இரண்டு மூன்று கீதான் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். எனக்கு இப்போது அவசர பில் எதுவும் கிடையாது. எப்போதாவது ஒரு பார்வை பார்க்க ஒன்றை அழுத்துவேன், அவ்வளவுதான்.

என்ன கேட்டீங்க?

அவளுக்கு அப்புறம் வேறு வேலை கிடைத்ததா என்றா?

எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை. நான் எதற்குக் கேட்க வேண்டும்? இவருக்குத் தெரிந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமையானால் அங்கேதான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அவர் சொல்லவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். கிடைத்திருந்தால் என் முகத்தில் அடிக்கிற மாதிரி வந்து சொல்லியிருக்க மாட்டார்களா? இத்தனை சொன்னேன், என் பில், என் மேசை, என் வீடு என்று. உங்களுக்குக் கேட்கத் தோன்றியது இதுதானா?

ஏன் எழுந்துவிட்டீங்க? சாவி இதோ, இந்த ஆணியில்தான் மாட்டியிருக்கிறது. மாடியைப் பார்க்கவே இல்லையே. பால்கனி இருக்கிறது, காற்று நன்றாக வரும். தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. அவள் கட்டின துணிக்கொடிகூட அப்படியே இருக்கிறது.

போன் செய்து சொல்கிறீங்களா? என் நம்பரே வாங்கவில்லையே.

சரி, சரி. பார்த்துப் போங்க, வாசல்படி கொஞ்சம் உயரம். கேட்டைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுப் போங்க, மாடு உள்ளே வந்துவிடும். தாழ் வலது பக்கம். வலது பக்கம்ங்க.

தாழ் போடாமலே போகிறாள், பாருங்க.